நாலு மணிக்கு ஓட வேண்டிய வண்டி

நட்டு கழன்றுவிட்டது. அதுதான் தினகரனுக்குப் புரியவில்லை. நட்டு கழன்றால் அது பிடித்துக்கொண்டிருந்த பொருளும் கழல வேண்டும். தாம்பரம் மின்ரயில் ஷெட்டில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவருக்கு இதில் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. இப்போது நட்டு ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியில் கிடக்கிறது. வாஷரும் கிடக்கிறது. டிராப் ஆர்ம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மூன்றாவது நாளாக.

பீர்க்கன்கரணை ஏரிக்கரைத் தெருவில், தன் வீட்டு வாசலில், தன் காருக்கு அடியில் அவர் மல்லாந்து கிடந்தார். அறுபத்தெட்டாம் வருஷத்து ஃபியட். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி இரண்டு ஸ்டாண்டில் உட்கார வைத்திருந்தார். துரு கண்ணில் விழாமலிருக்கப் பழைய மூக்குக்கண்ணாடியைப் போட்டிருந்தார்.

டிராப் ஆர்ம் ஒன்றும் பெரிய சமாசாரமில்லை. ஒரு சாண் நீளத்துக்கு ஓர் இரும்பு. நாம் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறோம். அந்தத் திருகல் ஒரு நீளக் கம்பி வழியாகக் கீழே இறங்கி ஒரு பெட்டிக்குள் போகிறது. பெட்டிக்குள் பல்லும் பல்லும் கோத்துக்கொண்டு, அடியில் துருத்தியிருக்கும் ஒரு குட்டித் தண்டைத் திருப்புகின்றன. அந்தத் தண்டின் நுனியில் மாட்டியிருப்பதுதான் டிராப் ஆர்ம். தண்டு இம்மி திரும்பினால் ஆர்மின் மறுமுனை வீசி நகரும், கம்பிகளைத் தள்ளும், கம்பிகள் சக்கரங்களைத் தள்ளும். முன்னூறு கிராம் விரல்பலத்தில் ஒரு டன் வண்டி தெருமுனையில் வளைந்து போவது இதனால்தான். எத்தனை தடவை யோசித்தாலும் தினகரனுக்கு இது அலுத்ததில்லை.

கெட்டுப்போனது பெட்டி. உள்ளே பல் தேய்ந்து, போன வாரம் ஏரி வளைவில் அவர் ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பியும் வண்டி நேராகவே போனது. கரைமேல் ஏறி ஒரு வேப்பமரத்துக்கு அரையடி முன்னால் நின்றது. வேறு பெட்டி புதுப்பேட்டைப் பழைய பார்ட்ஸ் கடையில் கிடைத்துவிட்டது. சுத்தம் செய்து, புது எண்ணெய் விட்டு, தினத்தாள் விரித்து வராண்டாவில் வைத்திருந்தார். பழையதை மேல்பக்கமாக எடுத்துவிட்டு இதை இறக்கினால் முடிந்தது. ஆர்மின் மறுமுனைக் கம்பிகளையும் கழற்றியாயிற்று. ஆனால் ஆர்மோடு பெட்டி மேலே வராது, ஓட்டை சின்னது. ஆர்மை அறுத்தெறியவும் முடியாது. புதுப்பேட்டைப் பெட்டி ஆர்ம் இல்லாமல் வந்தது, இந்த மாடலுக்கு வேறு ஆர்ம் அங்கே யாரிடமும் இல்லை. ஆக, பழைய ஆர்ம் சேதமில்லாமல் கழல வேண்டும். அதுவும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள்.

இன்று வெள்ளிக்கிழமை. மணி மூன்றே முக்கால்.

"அண்ணா," என்று வாசல்படியிலிருந்து குரல் வந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அது அவர் மனைவி தையல்நாயகி. கட்டிக்கொண்டு நாற்பத்தோரு வருஷமாகிறது. கடந்த இரண்டு வருஷமாக அவளுக்கு அவர் கணவன் இல்லை, டிரைவர்.

"அண்ணா, நாலு மணியாவுது. எங்க வூட்டுக்குப் போணும். அம்மா தேடுவாங்க."

அவளுக்கு மறதி நோய். காலையில் ஒருமாதிரி இருப்பாள். இட்லி சாப்பிடுவாள், துணி மடிப்பாள், மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பாள். நாலு மணிக்கு வெயில் சாயத் தொடங்கியதும் உள்ளே எதுவோ தளர்ந்துவிடும். இந்த வீடு அவள் வீடில்லை என்று ஆகிவிடும். கதவை இடிப்பாள், அழுவாள், கையில் கிடைத்ததை எறிவாள். மாத்திரைக்கு அடங்கவில்லை. அடங்கியது ஒன்றே ஒன்றுக்குத்தான். ஃபியட்டின் முன் சீட்டில் உட்கார வைத்து, ஏரியைச் சுற்றி, பெருங்களத்தூர் வரை போய், முடிச்சூர் ரோடு வழியாகத் திரும்பினால் ஆறு மணிக்குத் தன் வீட்டு வாசலில் இறங்கி, "வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போவாள். இரண்டு வருஷமாகத் தினமும் இதுதான் வைத்தியம். வாடகைக் கார் வைத்துப் பார்த்தார், ஏறமாட்டாள். ஆட்டோவில் ஏறினாள், பாதியில் குதிக்கப் பார்த்தாள். அந்தச் சீட்டா, பெட்ரோல் வாசனையா, கதவு மூடும் சத்தமா, எது அவளைச் சமாதானம் செய்கிறது என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை.

வண்டி நின்ற ஆறாம் நாள், அவர் வண்டிக்கு அடியில் இருந்தபோது, அவள் கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டாள். பெருங்களத்தூர் பக்கம் தண்டவாளத்தோரம் நடந்துகொண்டிருந்தவளைப் பூ விற்கும் முனியம்மா பார்த்துக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அன்றைக்கே மகள் அனுப்பிரியா அஸ்தினாபுரத்திலிருந்து ஓடிவந்தாள். சேலையூர் தாண்டி ஓர் இல்லம் இருக்கிறதாம், இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ள. ஓர் இடம் காலியாக இருக்கிறதாம். திங்கட்கிழமை பத்து மணிக்கு அவர்கள் வேனே வருமாம்.

"வண்டி ஓடிட்டா?" என்று கேட்டார் தினகரன்.

"ஓடிட்டா வேணாம்ப்பா. நானே போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன். ஓடலைன்னா?"

அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி அடியில் புகுந்தார்.

"அண்ணா, வண்டிய எடுங்க," என்றாள் தையல்நாயகி இப்போது, படியிலிருந்து இறங்கி.

*

சனிக்கிழமை காலை சவுரிமுத்து வந்தான். ஷெட்டில் தினகரனோடு ஒரே பெஞ்சில் வேலை பார்த்தவன். ரிட்டயரான பிறகு திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் பகல் நேரம் போகிறான். அங்கிருந்து பெரிய புல்லர் ஒன்றை ஸ்கூட்டரில் வைத்து எடுத்து வந்திருந்தான். புல்லர் என்றால் நண்டு மாதிரி. இரண்டு கொக்கிகள் ஆர்மைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும். நடுவே ஒரு பெரிய திருகாணி தண்டின் நுனியை அழுத்தும். திருகாணியை முறுக்க முறுக்கக் கொக்கிகள் ஆர்மை வெளியே இழுக்கும்.

குனிந்து பார்த்துவிட்டு சவுரிமுத்து சிரித்தான். "இன்னா மச்சான், ப்ளோ லேம்ப்லாம் அடிச்சிக்கீற? அடுப்புல வெச்ச கத்திரிக்கா மாதிரி கீது."

"வியாழக்கிழம சூடு காட்டுனேன். ஒண்ணும் ஆவல."

"எண்ணெய்?"

"மூணு நாளா ஊறுது."

"இத யார் மாட்டினது?"

தினகரன் அவனை நிமிர்ந்து பார்த்தார். "நீயும் நானும்தான். ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல."

சவுரிமுத்துவின் சிரிப்பு நின்றது. அவனுக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

தண்டின் நுனி நேராக இருக்காது, கீழே போகப் போகச் சிறுக்கும். அதில் மாட்டும் ஆர்மின் வளையமும் உள்ளுக்குள் அதே மாதிரிச் சிறுக்கும். ஒன்றுக்குள் ஒன்று போட்ட இரண்டு எவர்சில்வர் டம்ளர்களை நினைத்துக்கொண்டால் போதும். நட்டைக் கொஞ்சம் முறுக்கினாலே வளையம் தண்டில் ஏறிக் கவ்விக்கொள்ளும். அந்தக் கவ்வல்தான் ஆர்மைப் பிடிக்கிறது. நட்டு வெறும் காவலுக்கு. காருக்கு ஒரு சாதாரண ஸ்பேனரும் ஓர் ஆளின் கைபலமும் போதும்.

அவர்கள் கார்க்காரர்களா என்ன? ரயில்காரர்கள். மூவாயிரம் பேர் ஏறும் வண்டியில் ஒரு நட்டு தளர்ந்தால் என்ன ஆகும் என்று பயந்து பயந்தே கைபழகியவர்கள். ஷெட்டில் ஸ்பேனருக்கு நாலடிக் குழாய் மாட்டி, இரண்டு பேர் தொங்குவார்கள். இரும்போடு இரும்பு சேரும் இடத்தில் தண்ணீர் புகாமலிருக்கச் சிவப்பு ஈயப் பசையைப் பூசுவார்கள். கடைசியில் நட்டின் மேல் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பார்கள். கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை என்று அர்த்தம். பதினோராம் வருஷம் இந்த ஃபியட்டுக்கும் அதையேதான் செய்தார்கள். பசை பூசினார்கள். குழாய் மாட்டினார்கள். இரண்டு பேரும் தொங்கினார்கள். தையல்நாயகி அப்போது காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "கார்தானேங்க, கப்பலா?" என்று கேட்டாள். அந்தப் பசை பதின்மூன்று வருஷத்தில் கல்லாகியிருந்தது.

"நீ மாட்டினா எமன் வந்தாலும் கழட்ட முடியாது மச்சான்," என்றான் சவுரிமுத்து, மெதுவாக.

"அதான் பேஜாரு."

இருவரும் அடியில் புகுந்தார்கள். புல்லரை மாட்டினார்கள். திருகாணியை ஸ்பேனரால் முறுக்கினார்கள். போதவில்லை. சவுரிமுத்து எழுந்து போய்க் கொல்லையிலிருந்து பழைய தண்ணீர்க் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து ஸ்பேனரில் செருகினான். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். இரும்பு முனகியது. புல்லரின் ஒரு கொக்கி இலேசாக விரிந்தது. ஆர்ம் அசையவில்லை. தினகரன் ஒரு சுத்தியால் திருகாணியின் தலையில் ஓங்கி ஓங்கி அடித்தார். ஒவ்வோர் அடியும் அவர் தோள்பட்டையில்தான் வந்து இறங்கியது.

"இன்னும் முறுக்கினா கொக்கி தெறிச்சு மூஞ்சில வுழும்," என்றான் சவுரிமுத்து. "இப்படியே இறுக்கி வுட்டுட்டுப் போறேன். இழுத்துக்கினே இருக்கட்டும். தானா வரும் பாரு."

"வரலைன்னா?"

சவுரிமுத்து கையைத் துடைத்துக்கொண்டே வாசல்படியைப் பார்த்தான். தையல்நாயகி ஒரு துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா கீறியா தங்கச்சி?"

"நீங்க மெக்கானிக்கா?" என்று கேட்டாள் அவள். "இந்த டிரைவர் அண்ணனுக்கு ஒண்ணும் தெரியல. மூணு நாளா படுத்துக்கினே கீறாரு."

சவுரிமுத்து சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. ஸ்கூட்டரைக் கிளப்பிப் போய்விட்டான்.

*

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தினகரன் பல்கூடத் துலக்காமல் போய்ப் பார்த்தார். புல்லர் அப்படியே இருந்தது. ஆர்மும் அப்படியே இருந்தது.

அனுப்பிரியா மத்தியானம் வந்தாள். கூடத்தில் உட்கார்ந்து அம்மாவின் ஆறு நைட்டிகளின் விளிம்பிலும் அழியாத மார்க்கரால் பெயர் எழுதினாள். அங்கே எல்லோர் துணியையும் ஒன்றாகத் துவைப்பார்களாம். ஆறாவது நைட்டியில் எழுதும்போது மார்க்கர் மக்கர் செய்தது. அவள் அதை உதறினாள், மறுபடி உதறினாள், பிறகு மார்க்கரைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்னை வில்லி மாதிரி பாக்காதீங்கப்பா."

"பாக்கலம்மா."

"முனியம்மாக்கா அன்னிக்கு அந்தப் பக்கம் வரலைன்னா? யோசிச்சுப் பாருங்க. உங்களுக்கு அறுபத்தெட்டு. டிஸ்க் வேற நழுவியிருக்கு. ஆறு மாசம் கழிச்சு இந்த வண்டி மறுபடி நின்னா அப்ப என்ன பண்ணுவீங்க? அதுக்கும் ஒரு பார்ட்ஸ் தேடுவீங்களா?"

தேடுவேன் என்றுதான் அவருக்குச் சொல்லத் தோன்றியது.

நாலு மணிக்குத் தையல்நாயகி ஆரம்பித்தாள். அவருக்கு ஒரு யோசனை வந்தது. பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். அவளை ஃபியட்டின் முன் சீட்டில் உட்கார வைத்தார். இவர் பக்கத்தில் ஏறி எஞ்சினைக் கிளப்பினார். வண்டி அதிர்ந்தது. அவள் முகம் சட்டென்று இளகியது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியே முன்னால் பார்த்தாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். இதுவே போதுமோ? ஓடவே வேண்டாமோ? அவர் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்.

"அண்ணா," என்றாள் அவள். "அந்த செவுரு அங்கயே கீதே."

அவர் எஞ்சினை அணைத்தார். அன்று அவள் அடங்க இரவு ஒன்பதாயிற்று. அனுப்பிரியாவின் மணிக்கட்டில் நகக்கீறல் மூன்று.

*

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கே அவர் அடியில் புகுந்துவிட்டார். மறுபடி எண்ணெய். மறுபடி சூடு. மறுபடி திருகாணி கால் சுற்று, மறுபடி அதன் தலையில் அடி. ஒன்பதுக்குச் சுத்தி நழுவி நெற்றியில் பட்டது. ஒன்பதரைக்கு அவர் ஒன்றும் செய்யாமல் ஆர்மைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒரு சாண் இரும்பு. அதற்கு எந்த விரோதமும் இல்லை. அவர் என்ன சொல்லி மாட்டினாரோ அதைத்தான் அது செய்துகொண்டிருந்தது.

பத்துக்கு ஐந்து நிமிஷம் முன்பே வேன் வந்துவிட்டது. வெள்ளை வேன், பக்கவாட்டுக் கதவு. நர்ஸ் ரோஸி இறங்கினாள். நாற்பது வயதிருக்கும். மெல்லிய குரல்.

"அம்மா, வாங்க, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்."

தையல்நாயகி நல்ல புடவையில் இருந்தாள், தலையில் பூ. கைப்பையோடு கேட் வரை நடந்தாள். தினகரனுக்கு ஒரு கணம் அவள் ஏறிவிடுவாள் என்றே தோன்றியது. வேனைக் கண்டதும் அவள் திரும்பினாள். நேரே ஃபியட்டுக்கு வந்தாள். முன்கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, தொறங்க."

அனுப்பிரியா அம்மாவின் தோளை அணைத்து அழைத்துப் பார்த்தாள். வரவில்லை. வேன் டிரைவர் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரிக்கப் பார்த்தான். ஒன்றைப் பிரித்தால் மற்றது இறுகியது. விரல் முட்டிகள் வெளுத்துவிட்டன. தையல்நாயகி கத்தவில்லை. அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. கதவைப் பார்த்தபடி பொறுமையாக நின்றாள், சாவி எடுக்கப் போனவர் வந்துவிடுவார் என்பதுபோல.

"இழுக்காதீங்க," என்றாள் ரோஸி. "யாரும் இழுக்காதீங்க. இழுத்தா இன்னும் இறுகும். அவங்க வேணும்னு பண்ணல, இந்த நோய்ல கை அப்படித்தான், பிடிச்சா விடத் தெரியாது. விரல விடுங்க. புறங்கையத் தடவிக் குடுக்கணும், மணிக்கட்டுலேர்ந்து விரல் வரைக்கும், மெதுவா." அவள் தினகரனைப் பார்த்தாள். "நான் பண்ணலாம் சார். ஆனா உங்க கைன்னா பயப்பட மாட்டாங்க."

தினகரன் கையைப் பார்த்தார். எண்ணெயும் கரியும். வேட்டியில் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் போய் நின்று, அவள் புறங்கையில் இரண்டு விரலை வைத்து மணிக்கட்டிலிருந்து கீழே தடவினார். ஒருமுறை, இரண்டாம் முறை. மூன்றாம் முறைக்குள் அவள் விரல்கள் தானாக விரிந்தன. கைப்பிடி வெறுமனே நின்றது.

அவள் தன் கையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"நாளைக்கு நான் வேற வண்டி பாத்துக்கறேன்," என்றாள். கோபமில்லை. ஒரு டிரைவரை நிறுத்துகிறவளின் மரியாதையோடு சொன்னாள்.

ரோஸி அவளைத் தோளணைத்து வேனில் ஏற்றினாள். முதல் நாள் வீட்டு ஆட்கள் கூட வரக்கூடாதாம், அவர்களைப் பார்த்தால் அவளுக்கு அங்கே நிலைகொள்ளாதாம். பக்கவாட்டுக் கதவு சறுக்கி மூடியது. வேன் ஏரிக்கரை முனையில் இடதுபக்கம் திரும்பிப் போய்விட்டது.

அப்பாவும் மகளும் வாசலில் நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தினகரன் குனிந்து, முழங்கால் ஊன்றி, மறுபடி வண்டிக்கு அடியில் போனார்.

"அப்பா, இப்ப எதுக்குப்பா?"

அவருக்கே தெரியவில்லை. எழுந்து வீட்டுக்குள் போக முடியாது என்பது மட்டும் தெரிந்தது. அங்கே மடித்த துண்டுகள் இருக்கும்.

அவசரம் போய்விட்டிருந்தது. அவர் ஆர்மின் வளையத்தை விரலால் சுற்றித் தடவினார். ஆறு நாளாக இதை இழுத்திருக்கிறார். நுனியில் அடித்திருக்கிறார். எல்லாம் ஒரே திசையில், அது எந்தத் திசையில் இறுகியிருந்ததோ அதே கோட்டில். பக்கவாட்டில் ஒரு தடவைகூட அதைத் தொடவில்லை.

"அனு," என்றார். "அந்தப் பெரிய சுத்திய எடுத்துக்கினு இப்படி வா."

அவள் ஆபீஸுக்குப் போகும் வெள்ளைச் சுடிதாரோடு தரையில் படுத்து, மறுபக்கத்திலிருந்து ஊர்ந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. அவர் அவள் கையிலிருந்த சுத்தியின் தலையை வளையத்தின் ஒரு பக்கத்தில் ஒட்டி வைத்தார்.

"இப்படியே அழுத்திப் பிடி. நான் அடிச்சா விடாத."

சின்னச் சுத்தியால் அவர் எதிர்ப்பக்கத்தில் அடித்தார். சத்தம் மொட்டையாக இருந்தது. இரண்டாவது அடி. மூன்றாவது அடிக்கு 'டங்'கென்று ஒரு சத்தம் வந்தது. ஆர்ம் புல்லரோடு சேர்ந்து இருவருக்கும் நடுவே தரையில் விழுந்தது. தண்டின் மேல் சிவப்புப் பசை அன்று பூசினது மாதிரியே இருந்தது.

"வந்துடுச்சாப்பா?" என்று கேட்டாள் அனுப்பிரியா.

அவர் தலையசைத்தார். இருவரும் எழுந்திருக்காமல் அங்கேயே கிடந்தார்கள். அப்புறம், மகள் கேட்காமலே, அவர் வழக்கம்போல விளக்க ஆரம்பித்தார். இறுகிப்போன டிராப் ஆர்மை இழுத்து மட்டும் கழற்ற முடியாது. புல்லரை மாட்டி, இறுக்கி, அப்படியே விட்டுவிட வேண்டும். வளையத்தின் ஒரு பக்கம் கனமான சுத்தியை ஒருவர் அண்டக் கொடுத்துப் பிடிக்க வேண்டும், எதிர்ப்பக்கம் இன்னொருவர் அடிக்க வேண்டும். அடி விழும் அந்த நொடியில் வட்டம் இம்மியளவு முட்டை வடிவமாகும், பிடி விட்டுப்போகும், மிச்சத்தைப் புல்லர் பார்த்துக்கொள்ளும். இரண்டு பேர் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை.